செவ்வந்திக் கீரி வைத்த கால்தடம்

செம்பாறைக் காட்டில் ஒரு பொதுத் தானியக் களஞ்சியம் இருந்தது. பெரிய பாறைக் குகைதான் களஞ்சியம். ஒரு கூடை தினையோ வரகோ கொண்டுவந்து போட்டால் ஒரு பங்கு. மழை பொய்த்துப்போனால் பங்குக்கு ஏற்றபடி எடுத்துச் சாப்பிடலாம். முயல், மான், அணில், காடை என்று காட்டில் பாதிப் பேர் அதில் பங்குதாரர்கள்.

முள்ளம்பன்றி பூவராகன் அதன் பொறுப்பாளர். தானியத்தை வாங்கி வைப்பதும் பூவராகன்தான். எண்ணுவதும், ‘இருப்பு இவ்வளவு’ என்று ஓலையில் எழுதுவதும், கதவைப் பூட்டுவதும் பூவராகன்தான். பௌர்ணமிதோறும் அந்த ஓலையை வாகை மரத்தில் தொங்கவிடுவார்கள்.

தொங்கவிடுவதற்கு முன்னால் கீரி செவ்வந்தி அதைச் சரிபார்க்க வேண்டும். சரியாக இருந்தால் செம்மண் சேற்றில் காலைத் தோய்த்து ஓலையில் ஒரு தடம் வைக்கும். அந்தச் சிவப்புத் தடத்துக்கு ஆற்றுக்கு அக்கரையிலும் மதிப்பு இருந்தது.

செவ்வந்தி எப்படிச் சரிபார்த்தது தெரியுமா? வாசலில் நின்று எட்டிப் பார்க்கும். முன்வரிசைக் கூடைகள் தளும்பத் தளும்ப நிற்கும்.

“உள்ளே எல்லாம் சரிதானே, அண்ணே?”

“சரிதான், தங்கச்சி!”

அவ்வளவுதான். காலை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடும். இரண்டு வருடமாக இதே கதைதான்.

ஒரு பௌர்ணமிக் காலை. ஓலையில் ‘அறுநூறு கூடை’ என்று எழுதியிருந்தது. செவ்வந்தி காலைச் சேற்றில் தோய்த்துவிட்டது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“அக்கா, ஒரு நிமிடம்!”

திரும்பிப் பார்த்தால் ஒரு கௌதாரி. பெயர் மரகதம். அக்கரையிலிருந்து போன மாதம்தான் வந்த கூட்டத்தைச் சேர்ந்தது. கூட்டமே சேர்ந்து நாற்பது கூடை தினையைக் களஞ்சியத்தில் போட்டிருந்தது.

“எங்கள் கூடைகளைக் குஞ்சுகளுக்கு ஒரு தடவை காட்டலாமா? ‘நம் தினை எங்கே, எங்கே’ என்று உயிரை வாங்குகின்றன.”

பூவராகனின் முட்கள் சிலிர்த்து நின்றன. “அதெல்லாம் இப்போது முடியாது! உள்ளே இருட்டு. பாம்பு வேறு நடமாடுகிறது!”

“பாம்பா?” செவ்வந்தி சிரித்துவிட்டது. “கீரியிடம் சொல்கிற சாக்கா இது? நான் போய்ப் பார்த்து வருகிறேன்.”

“வேண்டாம், தங்கச்சி!”

அதற்குள் செவ்வந்தி உள்ளே பாய்ந்துவிட்டது.

முதல் வரிசை நிறைந்திருந்தது. இரண்டாம் வரிசையில் ஒரு கூடைக்குள் காலை விட்டது. மேலே நாலு விரற்கடைக்குத் தினை. அதற்குக் கீழே உமி! அடுத்த கூடையைப் பார்த்தது. அதுவும் உமி! மூன்றாவதில் மணல்! செவ்வந்தி குகையின் கடைசிக்கு ஓடியது. அங்கே பின்சுவர் விரிசல் விட்டிருந்தது. தண்ணீர் கசிந்து கசிந்து, கூடை கூடையாக வரகு கறுத்துப் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. நாற்றம் மூக்கைத் துளைத்தது.

“அண்ணே! என்ன அநியாயம் இது!”

பூவராகன் வாசலருகிலேயே உட்கார்ந்துவிட்டது. “சத்தியமாக நான் ஒரு மணிகூடத் தின்னவில்லை, செவ்வந்தி! இரண்டு வருடத்துக்கு முந்தைய மழையில் சுவர் விரிசல் விட்டது. ஐம்பது கூடை அழுகிப்போனது. காட்டின் தலைவி யானையிடம் சொல்லத்தான் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள், ‘இருப்பு போன மாதத்தைவிடக் குறையக் கூடாது, பூவராகா! குறைந்தால் பங்குதாரர்கள் ஓடிவிடுவார்கள்’ என்றது. பயந்துவிட்டேன். அந்த ஐம்பதையும் சேர்த்தே எழுதினேன். அடுத்த மாதம் இன்னும் அழுகியது. அதையும் சேர்த்து எழுதினேன்.”

“கௌதாரிகளின் நாற்பது கூடை எங்கே?”

பூவராகன் தலையைக் குனிந்துகொண்டது. “அதைப் பிரித்துத்தான் மற்றக் கூடைகளின் வாயை மூடினேன்.”

செவ்வந்தி மனத்துக்குள் எண்ணிப் பார்த்தது. இருபத்து நான்கு ஓலைகள். இருபத்து நான்கு கால்தடங்கள். அத்தனையும் பொய்யின் மேல் வைத்தது!

“இந்த ஒரு மாதம் மட்டும் தடத்தை வைத்துவிடு, தங்கச்சி. தினை விளைந்ததும் நிரப்பிவிடுகிறேன். வெளியே சொன்னால் என்னோடு நீயும்தான் மாட்டுவாய்!”

அது உண்மைதான். செவ்வந்தி தன் காலைப் பார்த்தது. சேறு இன்னும் காயவில்லை. வைத்துவிட்டால் இன்றைக்குத் தப்பித்துவிடலாம். வெளியே மரகதத்தின் குஞ்சுகள், “வந்தாச்சா? வந்தாச்சா?” என்று கத்திக்கொண்டிருந்தன.

செவ்வந்தி வெளியே வந்து காலைப் புல்லில் துடைத்தது. பிறகு வாகை மரத்தடிக்குப் போய், பார்த்ததை ஓலைக்காகக் கூடியிருந்த எல்லார் முன்னாலும் ஒன்றுவிடாமல் சொன்னது.



ஒரே கூச்சல்! “திருட்டுப் பயல்!” “முள்ளைப் பிடுங்குங்கள்!” “காட்டைவிட்டே விரட்டுங்கள்!”

மரகதம் மட்டும் கத்தவில்லை. செவ்வந்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. “நாங்கள் பூவராகனை நம்பி வரவில்லை, அக்கா. அவன் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. உங்கள் கால்தடத்தை நம்பித்தான் ஆற்றைத் தாண்டினோம்.”

செவ்வந்திக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

“தப்பு என் மேலும்தான்,” என்றது செவ்வந்தி. “எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். ஆனால் ஒன்று கேளுங்கள். பூவராகனை விரட்டிவிட்டு அதே இடத்தில் வேறொருவரை உட்கார வைத்தால் நாளைக்கு அவரும் இதையே செய்வார். வாங்குவது, எண்ணுவது, எழுதுவது, பூட்டுவது எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் கொடுத்தது நாம். எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டியது நான். ஆளை மட்டும் மாற்றினால் போதாது. நடக்கிற முறையை மாற்ற வேண்டும்!”

அன்றைக்கே எல்லாக் கூடைகளையும் வெயிலில் கொட்டினார்கள். மந்திகள் எண்ணின. நல்ல தானியம் இருநூற்றுப் பதினேழு கூடைதான் தேறியது. அந்த எண்ணைக் கேட்டதும் கிழமான் ஒன்று மயங்கியே விழுந்தது. சில குடும்பங்கள் அன்றே காட்டைவிட்டுக் கிளம்பின.

மிச்சமிருந்தவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். கதவு கரடியின் பொறுப்பு. ஓலை எழுதுவது காடை. தானியம் வாங்குவது அணில். ஒவ்வொரு கூடைக்கும் ஒரு குச்சியை இரண்டாக ஒடித்து, ஒரு பாதி போட்டவரிடம், மறுபாதி குகையில். எடுக்க வரும்போது இரண்டும் பொருந்த வேண்டும். எண்ணுவது மந்திகள், அதுவும் கூடையை அடிவரை கவிழ்த்து. எந்த நாளில் எண்ணப்போகிறார்கள் என்று யாருக்கும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. செவ்வந்தியின் வேலை போகவில்லை. ஆனால் அது சரிபார்த்ததை மரகதம் மறுபடி சரிபார்க்கும். பூவராகன் பொறுப்பை இழந்து, சுவருக்குப் பின்னால் வடிகால் தோண்டியது.

கோடை வந்தது. குளம் வற்றியது. களஞ்சியத்தின் முன் நீண்ட வரிசை நின்றது. அப்போது தலைவி யானை பெருந்தேவி தரை அதிர வந்தது.

“கதவைத் திற! பத்துக் கூடை வேண்டும். வடக்குக் காட்டிலிருந்து உறவினர் வந்திருக்கிறார்கள். குச்சியெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்!”

கரடி நடுநடுங்கிக் கதவில் கை வைத்துவிட்டது.

“திறக்காதே!” செவ்வந்தி குறுக்கே பாய்ந்தது.

பெருந்தேவியின் ஒரு கால் பட்டால் செவ்வந்தி இருந்த இடம் தெரியாது.

“என்னிடமுமா குச்சி கேட்கிறாய்?”

“உங்களிடமும்தான், அம்மா. உங்கள் பங்குக்கு நாலு கூடைதான் வரும்.” செவ்வந்தியின் வால் வெடவெடத்தது. ஆனாலும் அது நகரவில்லை. “பத்துக் கொடுத்தால் மீதி ஆறும் இதோ இந்த வரிசையில் நிற்கிறவர்களுடையது. ஓலையில் பொய் எழுதாமல் அதைக் கொடுக்க முடியாது.”

பெருந்தேவி தும்பிக்கையை உயர்த்தியது. அணில்கள் கண்ணை மூடிக்கொண்டன. மரகதம் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டது.

தும்பிக்கை மெல்ல இறங்கியது. பெருந்தேவி அந்த நீண்ட வரிசையைக் கடைசிவரை பார்த்தது. இளைத்துப்போன முகங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தன.

“நான் போய்க் குச்சியை எடுத்து வருகிறேன்,” என்றது பெருந்தேவி. “வரிசையில் கடைசியாக நிற்பது யார்?”

“நான்தான்,” என்றது ஒரு குட்டை முயல், பயந்துகொண்டே.

பெருந்தேவி போய்த் திரும்பி வந்து, அந்த முயலுக்குப் பின்னால் நின்றது.

பொதுச்சொத்தைக் காப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒருவர் செய்வதை இன்னொருவர் உண்மையாகவே பார்க்கும் முறை இல்லாவிட்டால் அந்தச் சொத்து நிலைக்காது. அந்த முறைக்குத் தலைவரும் கட்டுப்பட்டே ஆக வேண்டும்.