தலை தட்டாத மரக்கால்

முன்னொரு காலத்தில், எந்த ஊர், எந்த வருஷம் என்று கேட்டு என் உயிரை வாங்காதீர்கள், ஒரு ராஜா இருந்தார். நாட்டில் ஆயிரம் வேலை கிடக்க, அவர் நெல்வரி அளக்கிற களத்துக்குப் போய் நின்றார். வரி கொண்டுவந்த சனங்கள் எல்லாரும் உர்ரென்று நின்றார்கள். ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே சபையில் ஆணை போட்டார்: "நம் நாட்டில் ஒருவர் விடாமல் எல்லோரும் சிரித்துக்கொண்டே வரி செலுத்த வேண்டும்!"

சிரிப்பு என்ன, கடையில் வாங்குகிற சாமானா? அதை அவரிடம் யார் சொல்வது!

வரி மந்திரி மழவராயர் எழுந்தார். விகடகவி சீராளன் மேல் அவருக்கு ரொம்ப நாளாக வயிற்றெரிச்சல்.

"மன்னா, சிரிக்க வைப்பது சீராளனின் தொழில். அவனே பொறுப்பேற்கட்டும். அதுவரை குடிகளின் விதைநெல் கிடங்குக்கு முத்திரை வைப்போம். பயம் வந்தால் சிரிப்பும் வரும்."

ராஜாவும் தலையாட்டித் தொலைத்தார்.

ஆற்றில் புதுத்தண்ணீர் வந்துவிட்டது. இப்போது விதைக்காவிட்டால் வருஷம் முழுக்கப் பட்டினிதான். சீராளன் களத்துக்கு ஓடிப்போய்த் தெரிந்த கோணங்கித்தனமெல்லாம் செய்து பார்த்தான். ஒருத்தர் பல்லைக் காட்டவில்லை. காத்தாயி என்ற குடியானவள் இடுப்பில் கைவைத்து முறைத்தாள்.

"ஏனய்யா, விதைநெல்லைப் பூட்டிவிட்டுக் குட்டிக்கரணம் அடிக்கிறீரே, உமக்கே நன்றாயிருக்கிறதா? மரக்காலில் கோபுரமாகக் குவித்து அளக்கிறார்கள். குவிந்ததை வழித்துத் தலை தட்டி அளங்கள் என்றால் அடிக்க வருகிறார்கள். மந்திரிக்கு நூறு வேலி நிலம், ஒரு பிடி வரி கிடையாது. நாங்கள் சிரிக்கணுமாக்கும்!"

சீராளனுக்கு மந்திரி மேல் எரிச்சல், ராஜா மேல் எரிச்சல், கரணம் அடித்து வலிக்கிற தன் முதுகின் மேலும் எரிச்சல். நேரே அரண்மனைக்குப் போனான்.

"மன்னா, தங்கள் ஆணையை இம்மியும் பிசகாமல் நிறைவேற்றுகிறேன். வரிசையில் முதலில் யார் என்பதை மட்டும் அடியேன் தீர்மானிக்க அனுமதி வேண்டும்."

"தந்தோம்," என்றார் ராஜா.

மறுநாள் ராஜாவே களத்துக்கு வந்து உட்கார்ந்தார். சீராளன் குரல் கொடுத்தான்: "முதலில் மந்திரி மழவராயர்!"

மந்திரி துள்ளிக் குதித்தார். "எனக்கு வரிவிலக்கு உண்டு!"

"நேற்றுவரை உண்டு, மந்திரியாரே. ஒருவர் விடாமல் எல்லோரும் என்பது அரச ஆணை. அந்த எல்லோரில் தாங்கள் மட்டும் சேர்த்தி இல்லையா? மன்னா, அடியேன் சொல்வது பிழையா?"

ராஜா மோவாயைத் தடவினார். சபையில் சொன்னதை இப்போது எப்படி விழுங்குவது? "பிழையில்லை. நெல் வரட்டும்."

மந்திரி வீட்டு நெல் வண்டி வண்டியாக வந்து இறங்கியது. அளக்கிறவன் பழக்க தோஷத்தில் மரக்காலின் மேல் கோபுரம் கட்டினான். மந்திரி பதறிப்போனார்.

"அடப்பாவி! தலை தட்டி அளடா! என் வீட்டில் அடுப்பெரிய வேண்டாமா?"

"ஆணை, மந்திரியாரே! சிரித்துக்கொண்டே!" என்றான் சீராளன்.

மந்திரி பல்லை இளித்தார். கண்ணில் தண்ணீர், வாயில் இளிப்பு. அந்த மூஞ்சியைப் பார்க்கணுமே! காத்தாயிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் களமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"மகாராஜா," என்றாள் காத்தாயி மூச்சு வாங்கிக்கொண்டு. "மந்திரியும் கட்டுகிறார் என்றால் நாங்களும் கட்டுகிறோம். ஒளித்து வைத்ததையும் கொண்டுவருகிறோம். எங்களுக்கும் தலை தட்டி அளக்கச் சொல்லுங்கள்."

ராஜாவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இனி எல்லோருக்கும் தலை தட்டியே அளக்க வேண்டும். விதைநெல் கிடங்கைத் திறங்கள்!" என்றார்.

சீராளன் மெல்லக் கனைத்தான். "மன்னா, இன்னும் ஒருவர் பாக்கி."

"யாரது?"

"ஆற்றங்கரைப் பண்ணை நிலம் யாருடையது, மன்னா?"

ராஜா சீராளனை முறைத்தார். பிறகு கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சீராளனுக்குப் போட்டுவிட்டு, தன் பண்ணை நெல்லைக் கொண்டுவர ஆள் அனுப்பினார். காத்தாயி அதையெல்லாம் பார்க்க நிற்கவில்லை. விதை மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வயலுக்கு நடையைக் கட்டிவிட்டாள்.