கெம்பன் கேட்ட கையெழுத்து

மலைக்காட்டில் முப்பது வருஷம் காவல் காத்த கெம்பன், ஓய்வு பெற்றதும் பென்ஷனுக்காக வன அதிகாரி துரைசிங்கத்தின் முன்னால் போய் நின்றார்.

"ஆறு வருஷம் உன் பேர்ல பென்ஷன் பிடித்தமே இல்லைய்யா. அப்போ நீ வேலையிலேயே இல்லை. அந்த வருஷங்களைக் கழிச்சுத்தான் கிடைக்கும், போ."

கெம்பன் நகரவில்லை. "சரிங்கய்யா. அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"எதுக்கு?"

"அந்த ஆறு வருஷத்துல நான் பிடிச்ச சந்தனக் கடத்தல்காரன் இன்னும் ஜெயில்ல இருக்கான். பிடிச்சவன் காவலரே இல்லைன்னா அவனை விட்டுருவாங்கல்ல? அவன் வக்கீல் வாசல்ல நிக்கிறாருங்க."

துரைசிங்கத்தின் பார்வை சுவருக்குப் போனது. அந்த வழக்குக்காக அவர் வாங்கிய பதக்கம் அங்கே தொங்கியது.

"உட்காருய்யா" என்றவர், தாமே பீரோவைக் குடைந்து அந்த ஆறு வருஷப் பிடித்தச் சீட்டுகளை எடுத்தார்.

முழுப் பென்ஷன் உத்தரவோடு கெம்பன் வெளியே வந்தபோது, வாசலில் அவர் வந்த சைக்கிள் மட்டும்தான் நின்றது.