பாகம் கேட்டு வந்த படை

மருங்கூர் மன்னர் சேந்தனிடம் படை கொஞ்சம், பெருமூச்சு நிறைய. அவருடைய கோட்டை வாசலில் ஒரு நாள் வடக்கேயிருந்து பெரும் படையோடு வந்து இறங்கினான் ஹிம்மத் சிங். நேரே சபைக்குள் நுழைந்தான். கொச்சைத் தமிழ் பேசுவான்.

"விளைச்சலில் பாதி எங்களுக்கு! எங்கள் மொழியில் அதற்கு 'பாக்' என்று பெயர். பங்கு! மதில்மேல் நின்று, என் வீரர்கள் காதில் விழும்படி, உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். அதுதான் வாக்கு. சொல்லாவிட்டால் இன்றைக்கே கோட்டை தரைமட்டம்."

பாதி விளைச்சல் போனால் ஊரே பட்டினி. மன்னர், பல மொழி தெரிந்த துபாஷி திருமேனியைத் தனியே அழைத்தார்.

"சொல்லிவிடுங்கள், மகாராஜா," என்றார் திருமேனி.

"விளையாடுகிறீரா?"

"இல்லை. நாம் வகுத்தல் கணக்கைப் பாகாரம் என்கிறோமே, அந்தப் பாகம்தான் அவர்களிடம் போய் வால் அறுந்து 'பாக்' ஆகியிருக்கிறது. வகுத்தலுக்கு அவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதே ஒலியில் அவர்களிடம் இன்னொரு வார்த்தையும் உண்டு."

என்ன வார்த்தை என்று காதோடு சொன்னார். மன்னரின் மீசை துடித்தது.

திருமேனி ஹிம்மத் சிங்கிடம் வந்தார். "வாக்குக் கொடுக்கும்போது முரசு முழங்கும். வாசல் திறந்து யானை வரும். எங்கள் வழக்கம். ஆட்சேபணை இல்லையே?"

"தாராளமாக!"

வெளியே வீரர்கள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று முரசு அதிர்ந்தது. கதவு திறந்தது. பட்டத்து யானை பிளிறிக்கொண்டு வந்தது. மேலிருந்து மன்னர் அடிவயிற்றிலிருந்து கத்தினார்: "பாக்! பாக்! பாக்!"

அவர்கள் மொழியில் அதற்கு 'ஓடு' என்றும் அர்த்தம். எதிரே யானை வரும்போது பங்கையா நினைப்பார்கள்? முன்வரிசை ரொட்டியைப் போட்டுவிட்டு எடுத்தது ஓட்டம்.

ஹிம்மத் சிங் பதறி மதிலில் ஏறித் தன் மொழியில் அலறினான்: "முட்டாள்களே, நில்லுங்கள்! அவர் சொன்னது அந்த பாக் இல்லை! இந்த பாக்! பாக்!"

முரசுச் சத்தத்தில் மற்றதெல்லாம் அமுங்கிப்போய், அந்த ஒரு வார்த்தை மட்டும் கீழே கேட்டது. தலைவனே சொன்ன பிறகு நிற்க அவர்களுக்கென்ன பைத்தியமா? மிச்சப் படையும் பறந்தது.

புழுதி அடங்கியது. ஹிம்மத் சிங் பல்லைக் கடித்தான். "ஏமாற்றிவிட்டீர்கள்!"

"ஐயையோ! நீங்கள் கேட்டது ஒரு வார்த்தை. மகாராஜா மூன்று தடவை கொடுத்தார். வாங்கிக்கொள்ளத்தான் ஆள் நிற்கவில்லை," என்றார் திருமேனி. பிறகு மிகப் பணிவாகக் கேட்டார்: "இன்னொரு தடவை சொல்லச் சொல்லட்டுமா? இந்தத் தடவை உங்களுக்கு மட்டும்."

கீழே யானை நிமிர்ந்து பார்த்தது. ஹிம்மத் சிங் படிகளில் இறங்கிய வேகத்தில் தலைப்பாகை பின்தங்கிவிட்டது.

மன்னர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "திருமேனி! இந்த வருஷ விளைச்சலில் உமக்கும் ஒரு பாகம்..."

திருமேனி கையெடுத்துக் கும்பிட்டார். "பங்கு என்றே சொல்லிவிடுங்கள், மகாராஜா. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கும் கால் துறுதுறுக்கிறது!"