ஆண்டவர் எங்கை?

ஏன் றெஜினா, இந்தக் கதையைப் பொய்யெண்டுறாய்? கருவாட்டுக்கார லூசியாள் பெரிசாப் படிக்காதவள்தான், வாய் இருந்துதே! எங்கட பெரிய சாமியார் மேற்றிராணியாரை நாங்கள் ‘ஆண்டவர்’ எண்டுதானே கூப்பிடுறது? அவரைக் காட்டிக்குடுக்காததுக்குத்தான், எங்கட கத்தோலிக்க வேதத்தைத் தடைசெய்த ஒல்லாந்தர் அவளின்ரை மனுசனைத் தூக்கில போட்டவங்கள். நல்ல பாட்டுக்காரன் அவன், அது வேறை கதை. அண்டைக்கு ஆண்டவர் கூலியாள் மாதிரி அவளின்ரை வீட்டு முத்தத்தில குந்தியிருந்து மீனுக்கு உப்புத் தடவுறார்.

ஒல்லாந்தப் படைக் கப்பித்தான் வந்து வாளை அவளின்ரை கழுத்தில வைச்சான்.

“உங்கட ஆண்டவர் எங்கையடி? பொய் சொன்னால் தலை போகும்!”

“எங்கும் இருக்கிறார், துரை. இந்த முத்தத்திலையும் இருக்கிறார். உங்கட பாதிரியார்தானே பள்ளிக்கூடத்தில அடிச்சு அடிச்சுப் படிப்பிச்சவர்? பொய்யோ எண்டு அவரையே கேளுங்கோ.”

பக்கத்தில நிண்ட ஒல்லாந்தப் பாதிரிக்கு முகம் கறுத்துப்போச்சு. “பாடம் சரிதான்” எண்டான்.

வாள் அவளின்ரை கழுத்தை விட்டு இறங்கிச்சுது. அவங்கள் போனாப்பிறகு, ஆண்டவர் உப்புக் கையோட அவளின்ரை செத்த மனுசன்ரை ஆத்துமாவுக்குப் பூசை வைச்சார்.

அடியே றெஜினா, மழை இருட்டுது, அந்தக் கருவாட்டை உள்ளுக்கு எடுத்துக்கொண்டு வா!