கம்பில்லாத காவக்காரி

கையைத் தூக்காதேடி, ஊசி போட்ட கை அப்படித்தான் வலிக்கும். தலகாணியை இழுத்து அடியில வெச்சுக்கோ. ஆங், அப்படி. உங்கம்மாவுக்கு இன்னைக்கு ராத்திரி டூட்டி, விடிஞ்சதும் வந்துடுவா. அதுவரைக்கும் உனக்கு இந்த அத்தைதான் கதி. உங்கப்பனுக்கே நான்தான் கதை சொல்லித் தூங்க வெப்பேன், தெரியுமா? கேட்டா இல்லவே இல்லைம்பான். நம்பாதே, அவன் பத்து வயசு வரைக்கும் என் முந்தானையைப் புடிச்சிட்டுத்தான் தூங்கினான்.

"நல்லதுக்குன்னுதானே ஊசி போட்டாங்க? அப்புறம் ஏன் அத்தை காய்ச்சல் அடிக்குது?"

அதைத்தான்டி சொல்ல வர்றேன். நீ 'ம்' கொட்டிட்டே இருக்கணும், சுடரு. 'ம்' நின்னா நானும் திரும்பிப் படுத்துக்குவேன். சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு காவக்காரப் பட்டாளம் இருந்துச்சாம். எந்த ஊருன்னு தேடாதே. நீ பாயில நீட்டிப் போட்டிருக்கியே ஒரு உடம்பு, அதுதான் அந்த ஊரு. கண்ணுக்கே தெரியாத குட்டிக் குட்டி வீடு, கோடி கோடியா. ஊரைச் சுத்தி தோல்னு ஒரு மதில். மூக்குல ரெண்டு வாசல். வாசல்ல முள்வேலி மாதிரி முடி, தாண்டினா வழவழன்னு ஒரு சளிக்குட்டை. 'சீ'ன்னா சொல்ற? அந்தச் சளி மட்டும் இல்லேன்னா நீ என்னைக்கோ படுத்த படுக்கைதான்.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். எல்லா வீட்டு வாசல்லயும் ஒரு தட்டு இருக்கணும். உள்ள என்ன சமைக்கறாங்களோ, அதுல ஒரு வாய் அந்தத் தட்டுல வெச்சிருக்கணும். காவக்காரங்க வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, கம்பைத் தட்டிக்கிட்டு, டக் டக்னு தெருவுல வருவாங்க. கதவைத் தட்ட மாட்டாங்க. தட்டை மட்டும் பாப்பாங்க. ரசமா, சரி. அவரைக்காய்ப் பொரியலா, சரி. போயிட்டே இருப்பாங்க. ஊர்ல யாருமே சமைக்காத ஒண்ணு தட்டுல இருந்தா, உள்ள திருடன் பூந்துட்டான்னு அர்த்தம். அப்போ விழும் அடி!

"ம்."

அப்புறம், அந்த வேலைக்குப் படிக்க ஒரு பள்ளிக்கூடம் உண்டு. எங்கன்னா, இதோ, உன் நெஞ்செலும்புக்குப் பின்னாடி. கூசுதா? சின்னப் புள்ளைங்களுக்கு அது பெரிய பள்ளிக்கூடமா இருக்கும். வயசாக ஆகச் சுருங்கிடும். எனக்கெல்லாம் இப்ப ரெண்டு உடைஞ்ச பெஞ்சுதான் மிச்சம் இருக்கும்.

அந்தப் பள்ளிக்கூடத்துல செவந்தின்னு ஒருத்தி. அவளுக்கு ஒரே ஆசை, கையில கம்போட தெருவுல நடக்கணும். ராத்திரி பகலா அதே நெனப்பு. ஆனா பரீட்சை லேசுப்பட்டது இல்ல. நூறு பேர் எழுதினா ரெண்டு மூணு பேர் தேறுவாங்க.

முதல் பரீட்சை, தெருவுல நடந்தா தட்டு கண்ணுல படுதா? பாதிப் பேர் பராக்குப் பாத்துட்டே போயிட்டாங்க. போங்கடா வீட்டுக்குன்னுட்டாங்க டீச்சர். செவந்தி எல்லாத் தட்டையும் பாத்துட்டா. பாஸ்!

ரெண்டாவது பரீட்சை, நம்ம ஊரு சாப்பாட்டைப் பாத்துக் கம்பைத் தூக்கக் கூடாது. ஒருத்தன் ரசத்தைப் பாத்தான், விசுக்குனு கம்பைத் தூக்கினான். காதைப் புடிச்சு வெளிய தள்ளிட்டாங்க. சொந்த ஊரை அடிக்கறவன் திருடனைவிட மோசம் இல்லையா? செவந்தி தூக்கல. பாஸ்!

மூணாவது பரீட்சைதான் லேசு. தட்டைப் பாத்துட்டு நிக்காம போயிடணும். அம்புட்டுத்தான். அதுல கவுந்துட்டா செவந்தி.

"ஏன்?"

முதல் வீட்டுத் தட்டுல தயிர்சாதம். அங்கயே நின்னுட்டா. நகரவே மாட்டேங்கறா. டீச்சர் வந்து கேட்டாங்க, "அடிக்கணும்னு தோணுதா?"

"இல்ல டீச்சர்."

"பின்ன ஏன் நிக்கற?"

"நம்ம ஊரு சோறு டீச்சர். விட்டுட்டுப் போக மனசே வரல."

டீச்சர் கன்னத்துல கையை வெச்சுக்கிட்டாங்க. அடிக்கவும் இல்ல, கடந்து போகவும் இல்ல, இவளை என்ன பண்றது? கடைசியில சொன்னாங்க. "உன்னை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். ஆனா கம்பைக் குடுத்துடு. அடிக்கறவங்க பின்னாடியே போ. போதும்னு பட்டா, போதும்னு சொல்லு."

"அது ஒரு வேலையா டீச்சர்?"

"போய்ப் பாரு."

பாவம், செவந்தி தேம்பித் தேம்பி அழுதா. கம்பு இல்லாம தெருவுல போனா மத்தவங்க சும்மா விடுவாங்களா? "ஏய், சாப்பிட வந்தவ போறா பாருங்கடா"ன்னு கூவுவாங்க. அதுல வெள்ளையன்னு ஒருத்தன் இருந்தான். முரடன்னா முரடன், வாயும் ஜாஸ்தி. "கம்பில்லாத நீயெல்லாம் காவக்காரியா? போய் எங்கயாவது பந்தியில உக்காரு"ன்னான். எனக்கே அவனை அறையலாம்னு இருக்கும். நீ என்ன சொல்ற?

"ம். அறையலாம்."

அப்புறம் ஒரு நாள், மழைக்காலம், ஒரு திருடன் வந்தான். பேரு தும்மலாண்டி. எவனோ பஸ்ல வாயைப் பொத்தாம 'ஹச்சு'ன்னு தும்மினான், அந்தத் தும்மல்ல ஏறி மூக்கு வாசல்ல வந்து எறங்கிட்டான். முள்வேலியில தப்பிச்சான். சளிக்குட்டையில சளக் புளக்னு நீந்திட்டான். முதல் வீட்டுக்குள்ள பூந்து, "நீ சமைக்கறதை நிறுத்து, இனிமே எனக்குச் சமை"ன்னு அதட்டினான். வீட்டுக்காரங்க என்ன பண்ணுவாங்க? அடுப்புல ஊதாக் கலர்ல கொழகொழன்னு ஒரு களி. அந்தக் களியில இருந்து இன்னொரு தும்மலாண்டி, அதே மூஞ்சி! அப்புறம் இன்னொருத்தன். அப்புறம் தெருப் பூரா தும்மலாண்டிங்க!

முதல்ல ஓடி வந்தது விழுங்கிச்சாமிங்க. அவங்களுக்குப் பரீட்சையே கிடையாது. எது வந்தாலும் லபக், லபக். தின்னுட்டு முரசை அடிச்சாங்க. டம்! டம்! டம்! ஊர்த்தலைவர், "எல்லா அடுப்பையும் ஏத்துங்க, சூட்டுல அவனுங்க வேலை ஓடாது"ன்னார். அந்தச் சூடுதான்டி காய்ச்சல்.

"ஓ..."

ஓ இல்ல, 'ம்'.

"ம்."

ஆனா ஒவ்வொரு காவக்காரனுக்கும் ஒரே ஒரு திருட்டுச் சாப்பாட்டோட வாசனைதான் தெரியும். ஊதாக் களி வாசனை தெரிஞ்சவன் ஊர்லயே ஒருத்தன்தான். யாரு? அந்த வாயாடி வெள்ளையன். அவனைத் தேடிப் புடிச்சு, தெருமுனையில அண்டா நெறையக் கஞ்சி காச்சிக் குடுத்தாங்க. அது மாயக் கஞ்சி. குடிச்சான், ரெண்டு வெள்ளையன் ஆனான். குடிச்சாங்க, நாலு. அப்புறம் எட்டு. அப்புறம் எண்ணவே முடியல. எல்லாரும் கம்பைச் சுழட்டிட்டு எறங்கினாங்க. ஊதாக் களி இருக்கற வீடெல்லாம் டமார், டமார்! ஒரு தும்மலாண்டி பாக்கி இல்ல. ஜெயிச்சாச்சு.

"கதை முடிஞ்சுதா?"

எங்க முடிஞ்சுது? இனிமேதான் ஆபத்தே. முரசு நிக்கல, கஞ்சி தீரல, வெள்ளையனுங்களுக்குக் கை ஓயல. ஒரு வீட்டுத் தட்டுல சாம்பார். "என்னடா இது, பெருங்காயம் தூக்கலா இருக்கே? திருடன்தான், அடி!" டமார். அடுத்த வீட்டுல கூட்டு. "பாத்தாலே சந்தேகமா இருக்கு, அடி!" டமார். நம்ம ஊரு வீடு சுடரு, நம்ம ஊரு சனம். கத்தறாங்க, யாரும் கேக்கல.

"நிஜமாவே சொந்த வீட்டையே அடிப்பாங்களா?"

அடிப்பாங்க. இங்க பாரு என் விரலை. ஒவ்வொரு முட்டியும் நெல்லிக்காய் கணக்கா வீங்கி நிக்குதே, எந்தத் திருடனும் வரல. என் ஊரு வெள்ளையனுங்கதான் அடிக்கறாங்க. காலையில ஜடை பின்னும்போது இழுத்து இழுத்துப் பின்றேன்னு என்னைத் திட்டறியே, அதான் காரணம். சரி, அது கெடக்கு. கதைக்கு வா.

செவந்தி ஓடி வந்தா. "போதும்! போதும்!"னு தொண்டை கிழியக் கத்தினா. முரசுச் சத்தத்துல யார் காதுல விழும்?

அப்போ அவ முரசுகிட்டப் போனா. ரெண்டு கையாலயும் முரசை இறுக்கிக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. டம் டம்னு கேட்டது துப், துப்னு ஆச்சு. கொஞ்சம் பேர் திரும்பிப் பாத்தாங்க. ஆனா கையில கஞ்சி இருக்கே, குடிச்சிட்டு மறுபடியும் கிளம்பிட்டாங்க.

அப்போ அவளுக்குக் கோவம் வந்துச்சு பாரு! சாப்பிட வந்தவன்னுதானே சொன்னீங்க, இருங்கடான்னு நேரா அண்டாகிட்டப் போனா. வாயை வெச்சா. மடக், மடக், மடக். அண்டாக் கஞ்சி பூராவும் அவ வயித்துல! குடிக்கக் குடிக்க அவளும் ரெண்டு ஆனா, நாலு ஆனா. தெரு நெறைய செவந்தி. ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு வாசல்ல போய், தட்டுக்கு முன்னாடி நின்னுக்கிட்டா.

வெள்ளையன் ஒரு வாசலுக்கு வந்தான், மூச்சு வாங்குது, கம்பு மேல நிக்குது. "தள்ளுடி."

"இது ரசம்."

"திருட்டு வாசனை வருது."

"மோந்து பாரு."

குனிஞ்சான். மோந்தான். ரொம்ப நேரம் மோந்தான். "மிளகு ரசம்"னான்.

"யாரு ஊரு ரசம்?"

"நம்ம ஊருதான்"னு சொல்லிட்டு, கம்பைக் கீழ போட்டுட்டு அங்கயே உக்காந்துட்டான். அப்புறம் அவனுக்கு ஒரே அழுகை. இடிஞ்ச வீட்டைப் பாக்கறான், அழறான். செவந்தி அவனைத் திட்டாம, கம்பை எடுத்து ஓரமா வெச்சா. நானா இருந்தா நாலு கேட்டிருப்பேன்.

அப்புறம் அடுப்பெல்லாம் அணைஞ்சுச்சு. ஊருக்கே குபுகுபுன்னு வேர்த்துச்சு. அதான் காய்ச்சல் விட்டா வேர்க்கறது. வெள்ளையனுங்க முக்காவாசிப் பேர் கம்பை வெச்சிட்டுப் போயிட்டாங்க. கொஞ்சம் பேர் மட்டும், ஊதாக் களி வாசனையை மூக்குல வெச்சுக்கிட்டு மூக்கு வாசல்லயே உக்காந்துட்டாங்க. மறு வருசம் அதே தும்மலாண்டி வந்து ஒரு காலை உள்ள வெச்சான். "வாப்பா, உன்னைத்தான் பாத்துட்டு இருக்கோம்"னாங்க. ஒரே போடு! ஊர்ல யாருக்கும் தூக்கம்கூடக் கலையல.

"அப்ப எனக்கு ஏன் அடிக்கடி சளி புடிக்குது?"

அவனுக்குப் பங்காளிங்க ஏகப்பட்ட பேர்டி. ஒவ்வொருத்தனும் வேற வேற கலர்ல களி கிண்டுவான். உனக்கு இன்னைக்குப் போட்டது வேற திருடனுக்கு. ஊசியில திருடனை விடல, அவன் களியில ஒரு வாய் மட்டும் தட்டுல வெச்சுக் காட்டினாங்க. அதுக்கே உன் ஊர்ல முரசடிச்சு அடுப்பை மூட்டிட்டாங்க, அந்தக் கூத்துதான் இந்தக் காய்ச்சல். எதிர்ப்பு சக்தின்னா எதிர்க்கறது மட்டும்னு நெனைக்கறாங்க. அடிக்கறது பாதி வேலைதான்டி. நம்மளது எதுன்னு தெரிஞ்சு கையை நிறுத்தறது மீதிப் பாதி.

"அத்தை, உன் ஊர்ல செவந்தி இல்லையா?"

இருக்கா. இருக்கறவ என்னை மாதிரியே, கூப்பிட்ட உடனே எந்திரிக்க மாட்டா. டாக்டர் மாத்திரை குடுத்து வெள்ளையனுங்களை அதட்டி வெச்சிருக்கார். அதட்டறப்ப கேப்பானுங்க, மழை பேஞ்சா மறுபடியும்... ஏய், என்னடி பண்ற? ஊசி போட்ட கையைத் தூக்காதேன்னேன்ல? என் விரலை எதுக்குடி வாய்கிட்ட இழுக்கற?

"வெள்ளையா, இது எங்க அத்தை. போதும்."

...

"எல்லா விரலுக்கும் சொல்லவா?"

சொல்லு. ஒவ்வொண்ணா சொல்லு. அழல, கண்ணுல தூசி. சரி, அழறேன், அதுக்கு இப்ப என்ன? கதையும் தீந்துச்சு, ஊரும் அடங்கிச்சு, கண்ணை மூடித் தூங்கு கண்ணு. வலி அப்படியேதான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும், நீ விரலை விடாதே.