கேப்டன் கொடுத்த சோலினாய்டு

ஒரு கல்லூரி ரோபோ அணிக்குத் தீர்த்தகிரி என்றொரு கேப்டன் இருந்தான். எதுவானாலும் பெரிதாக இருந்தால்தான் அவனுக்குத் திருப்தி. போட்டிக்கு முதல் நாள், மாங்காய் பருமனில் ஒரு சோலினாய்டைக் கொண்டுவந்து ஜூனியர் பூவிழியின் முன்னால் டொம்மென்று வைத்தான். கரண்ட் கொடுத்தால் உள்ளிருக்கும் இரும்புக் கம்பி பாய்ந்து பந்தை உதைக்கும்.

“அண்ணா, இது இருநூறு வாட் இழுக்குமே! நூறைத் தாண்டினா போட்டியிலேயே சேர்க்க மாட்டாங்க.”

“ரோபோவில இதுதான் இருக்கணும். மீட்டரும் நூறைத் தாண்டக் கூடாது. முடியலைன்னா நாளைக்கு நீ வேன்ல ஏறாதே!”

பூவிழி தலையாட்டிவிட்டு ஸ்குரூடிரைவரை எடுத்தாள்.

மறுநாள் சோதனை மேசை. “எங்க சோலினாய்டைப் பாருங்க சார்!” என்று தீர்த்தகிரி மார்தட்டினான். நடுவர் பொத்தானை அழுத்தினார். பந்து பறந்துபோய் எதிர்ச்சுவரில் அறைந்தது! அரங்கமே ஓவென்று கத்தியது. மீட்டர் முப்பதைக்கூடத் தொடவில்லை.

நடுவர் பச்சை ஸ்டிக்கரை ஒட்டக் குனிந்தவர் அப்படியே நின்றார். “தம்பி, இந்தச் சோலினாய்டுக்கு வயரே கொடுக்கலையே?”

தீர்த்தகிரி திருதிருவென்று விழித்தான். பூவிழி ரோபோவின் அடியிலிருந்த ஸ்பிரிங்கைக் காட்டினாள். குட்டி மோட்டார் அதை நிதானமாக இழுத்து வைக்கும். கட்டைவிரல் அளவு சோலினாய்டு ஒன்று கொக்கியை மட்டும் தட்டிவிடும். உதைப்பதெல்லாம் ஸ்பிரிங்தான்.

நடுவர் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுச் சிரித்தார். “அப்போ இந்தப் பெரிசு எதுக்கும்மா?”

“உதைக்கிறப்போ வண்டி பின்னால சாயாம இருக்கக் கனம் வேணும்ல சார். அதான் அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார்.”