ஏழு பாதைகளும் ஒரு குடை ராட்டினமும்

முன்னொரு காலத்திலே, மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலத்திலே, மணிமேடு என்று ஒரு நாடு இருந்தது. சின்னவர்கள் அம்மா மடியில் ஏறிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் கையில் இருக்கிற வேலையைக் கீழே வையுங்கள். இது கொஞ்சம் பயமான கதை, ஆனால் நல்லபடியாக முடிகிற கதை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் யாரும் அழக் கூடாது.

மணிமேட்டு ராஜாவுக்கு அஞ்சாநெஞ்சன் என்று பெயர். பெயர்தான் அப்படி. பக்கத்து நாட்டுக் குதிரைப்படை எல்லை தாண்டி வந்து மூன்று ஊர்களைக் கொளுத்திவிட்டுப் போனதும், ராஜா கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்தபடியே முடிச்சவிழான் என்ற மந்திரவாதியைக் கூப்பிட்டனுப்பினார்.

“ஒருத்தனும் உள்ளே வரக் கூடாது,” என்றார் ராஜா.

“வர மாட்டான்,” என்றான் முடிச்சவிழான்.

அந்த நாட்டுக்குள் வருகிற பாதைகள் ஏழு. மந்திரவாதி எல்லைப் பாறைமேல் ஏறி உட்கார்ந்தான். ஏழு பாதைகளின் நுனியையும் கயிறு மாதிரிப் பிடித்து இழுத்தான், முறுக்கினான், முஷ்டிக்குள் இறுக்கிக்கொண்டான். பிறகு மந்திரம் சொன்னான்:

“பயந்து வந்தால் திரும்பு,
பகைத்து வந்தால் திரும்பு,
பிழைக்க வந்தால் திரும்பு,
அவரவர் வாசலுக்கே திரும்பு.”

அன்றிலிருந்து உள்ளே யாரும் வரவில்லை. வெளியே யாரும் போகவும் முடியவில்லை. உப்பு வண்டி வரவில்லை, வளையல்காரன் வரவில்லை, ஒரு சேதிகூட வரவில்லை.

கொளுத்தப்பட்ட மூன்று ஊர்களில் ஒன்றில் வடிவு என்ற பெண் இருந்தாள். வயது இருபத்து மூன்று. அதற்கும் முந்தின போருக்குப் போன புருஷன் திரும்பவில்லை; அவனுடைய தலைப்பாகை மட்டும் வந்தது. அவளுக்கு மிச்சம் ஒரே மகள், குஞ்சரி. நாலு வயது. குதிரைப்படை வந்தபோது வடிவு பிள்ளையை நெல் போடுகிற குதிருக்குள் இறக்கி மூடிவிட்டாள். மூன்று நாள். உயிர் பிழைத்தது. ஆனால் வெளியே வந்த நாளிலிருந்து குஞ்சரிக்கு ஒரு இருமல். கொல், கொல், கொல் என்று இருமும். ஒவ்வொரு மாதமும் அதன் மூச்சு ஒரு விரற்கடை சின்னதாகிக்கொண்டே வந்தது.

வைத்தியர் பிள்ளையின் முதுகில் காதை வைத்துக் கேட்டார். “இது மருந்துக்கு அசையாது, தாயி. குதிருக்குள்ள இருந்த இருட்டு நெஞ்சுல ஒட்டிக்கிடக்கு. கடல் காத்து பட்டாத்தான் கழன்று வரும். மழைக்காலத்துக்குள்ள கொண்டு போயிரு.”

கடலோ எல்லைக்கு அப்பால் இரண்டு நாள் தூரம். மழைக்காலமோ இருபது நாள் தூரம்.

வடிவு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிழக்குப் பாதையில் கிளம்பினாள். நடந்தாள், நடந்தாள், நடந்தாள். நிமிர்ந்து பார்த்தால் சொந்த வாசல்.

அடுத்த நாள் முதுகில் கட்டிக்கொண்டு தெற்குப் பாதையில் கிளம்பினாள். நடந்தாள், நடந்தாள், நடந்தாள். நிமிர்ந்து பார்த்தால் சொந்த வாசல்.

மூன்றாம் நாள் மார்போடு அணைத்துக்கொண்டு மேற்குப் பாதையில் ஓடியே போனாள். நிமிர்ந்து பார்த்தால் சொந்த வாசல். அதோடு வாசலில் ஒரு மாட்டு வண்டியும், வண்டி நிறைய மரக்குதிரைகளும், பக்கத்தில் தலையைச் சொறிந்துகொண்டு ஒரு ஆளும்.

“யாருய்யா நீ? என் வாசல்ல என்ன பண்றே?”

“கோவிச்சுக்காதீங்க,” என்றான் அவன். “பேரு கொம்பையா. குடை ராட்டினக்காரன். போன வருஷம் திருவிழாவுக்குன்னு இந்த நாட்டுக்குள்ள வந்தேன், வழி அடைஞ்சு போச்சு. வெளியே போகலாம்னு வண்டியைக் கட்டினா ஒவ்வொரு தடவையும் இங்கேதான் கொண்டாந்து விடுது. இது மூணாவது தடவை. முன்னாடி ரெண்டு தடவை நீங்க வீட்டுல இல்லை.”

“எல்லாரையும் அவங்கவங்க வாசல்லதானே விடும்? உமக்குன்னு ஒரு வாசல் இருக்குமே.”

“எனக்கு ஏதுங்க வாசல்? வண்டிதான் வீடு. பாதை குழம்பிப் போச்சு போல.”

அவன் போக இடமில்லாமல் எதிரே வேப்பமரத்தடியில் வண்டியை அவிழ்த்தான். சும்மா இருக்கப் பிடிக்காமல் ராட்டினத்தைப் பூட்டினான். நடுவில் ஒரு கம்பம், மேலே சாயம் போன துணிக்குடை, சுற்றிலும் ஆறு மரக்குதிரைகள். ஒன்றுக்கு ஒரு காது கிடையாது. பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா வந்து இடுப்பில் கை வைத்தாள்.

“ஏன்டாப்பா, நாடு கிடக்கிற கிடப்புல ராட்டினம் ஒரு கேடா?”

“நாடு நல்லா இருந்தப்போ மட்டும் நீங்க ஏறினீங்களா, அக்கா?”

பேச்சியக்கா யோசித்துப் பார்த்தாள். ஏறியதில்லைதான். முனகிக்கொண்டே போய்விட்டாள்.

குஞ்சரி காதில்லாத குதிரையையே பார்த்துக்கொண்டு நின்றது. “சின்னப் பிள்ளை தனியா ஏறக் கூடாது, அம்மா மடியிலதான் உட்காரணும்,” என்றான் கொம்பையா. வேறு வழியில்லாமல் வடிவு ஏறினாள். அவன் தள்ளினான். ஒரு சுற்று. வேப்பமரம் போனது, வீடு போனது, பேச்சியக்காவின் கோழி போனது. இரண்டாவது சுற்று. புடவைத் தலைப்பு பறந்து கொம்பையாவின் முகத்தை மூடியது. அவன் ஒன்றும் தெரியாமல் தள்ளிக்கொண்டே போய்க் கம்பத்தில் முட்டிக்கொண்டான். வடிவு சிரித்துவிட்டாள். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்றாவது சுற்று முடிந்து இறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது: மூன்று சுற்றும் பிள்ளை இருமவே இல்லை.

மறுநாள் காலை குஞ்சரி சொன்னது, “ராட்டினத்தை இன்னொரு இடத்துல சுத்தலாம். அல்லிக்குளத்துகிட்ட.”

“கூட்டிட்டுப் போகட்டுமா?” என்று கொம்பையா வடிவைக் கேட்டான். “நீங்களும் வாங்களேன்.”

வடிவு பெருமூச்சு விட்டாள். “வர்றேன். எங்கே போனாலும் சாயங்காலம் வீட்டு வாசல்ல கொண்டாந்து விட்டுரும். தொலைஞ்சு போக வழியில்லை. போற வரைக்கும் போவோம்.”

வண்டியில் காதில்லாத குதிரைமேல் குஞ்சரி, பக்கத்தில் வடிவு, முன்னால் கொம்பையா. மாட்டின் கழுத்து மணி ஆடியது. அல்லிக்குளத்தில் ராட்டினம் சுற்றினார்கள். பிள்ளைக்கு அலுக்கவில்லை. அடுத்த தோப்புக்குப் போனார்கள். அங்கே கட்டுச்சோறு தின்றார்கள். கொம்பையா ஒரு பண்ணையார் கதை சொன்னான். அந்தப் பண்ணையார் ராட்டினத்தில் ஏறிவிட்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தாராம். அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கூடவே ஓடி ஓடி அவரிடம் சம்மதம் கேட்டார்களாம்.

“அப்புறம் சம்மதிச்சாரா?”

“மூணாவது சுத்துல சம்மதிச்சார். நாலாவது சுத்துல வேண்டாம்னுட்டார்.”

வடிவு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்து நிமிர்ந்தால் எதிரே ஒரு மலை. அவள் பிறந்ததிலிருந்து பார்த்திராத மலை.

“இது எந்த இடம்?” என்றாள். அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது: எல்லைக்கு வந்துவிட்டோம். இன்னும் இரண்டு நாள் போனால் கடல். பிள்ளை பிழைத்துக்கொள்ளும். ஐயோ, திருப்பிவிட்டால் என்ன செய்வது?

அவ்வளவுதான். பாதை வண்டிக்கு அடியில் மெல்ல நெளிந்தது. மலை ஒதுங்கியது. வளைவு தாண்டியதும் தூரத்தில் ஒரு கூரை தெரிந்தது. அவள் வீட்டுக் கூரை.

“சிரிங்க,” என்றான் கொம்பையா மெதுவாக. பயந்தால்தான் பாதை திரும்புகிறது என்று அவனுக்கும் புரிந்துவிட்டது. வடிவு சிரித்தாள். பல்தான் தெரிந்தது. கூரைக்குக் கீழே கதவும் தெரிந்தது.

“வரலைங்க,” என்றாள்.

குஞ்சரி திரும்பிப் பார்த்தது. “அம்மா, கடல்ல என்ன இருக்கும்?”

வடிவு கடலைப் பார்த்ததில்லை. ஆனால் பிள்ளை கேட்கும்போது தெரியாது என்று அவள் சொன்னதில்லை. “ம்... எட்டுக்கை மீன் இருக்கும். அதுக்கு எட்டுப் பிள்ளைங்க. கைக்கு ஒண்ணா எல்லாத்தையும் தூக்கி வச்சிருக்கும்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும். எதையும் கீழே விடாது.”

“அப்ப சோறு எந்தக் கையால சாப்பிடும்?”

வடிவு யோசித்தாள். நியாயமான கேள்வி. ஒரு பிள்ளையை இறக்கி வைக்குமோ? எதை இறக்கும்? மூத்ததையா? மூத்தது கோவிச்சுக்காதா?

“பிள்ளைங்க ஊட்டி விடும்,” என்றான் கொம்பையா.

“எட்டும் சேர்ந்து ஊட்டினா அது மென்னு முழுங்க வேண்டாமா?” என்றாள் வடிவு, நிஜமான கவலையோடு. “முறை வச்சுத்தான் ஊட்டணும். ஞாயித்துக்கிழமை மூத்தது...”

“வாரத்துக்கு ஏழு நாள்தானே? எட்டாவது பிள்ளை?” என்றான் கொம்பையா.

“அது கைக்குழந்தை. அதுக்கே அம்மாதான் ஊட்டணும்.”

“எந்தக் கையால?” என்றது குஞ்சரி.

மூவரும் இதைத் தீர்க்க முடியாமல் தலையைக் குனிந்து யோசித்துக்கொண்டிருந்தபோது மாடு நின்றது. நிமிர்ந்து பார்த்தால் வாசல் இல்லை. ஒரு பெரிய பாறை. பாறைமேல் தாடி முழங்காலைத் தொட, முஷ்டியில் ஏழு பாதைகளைப் பிடித்தபடி முடிச்சவிழான்.

“எப்படி வந்தீங்க?” என்றான் அவன். “பயந்து வந்தீங்களா?”

“இல்லை.”

“பகைச்சு வந்தீங்களா?”

“இல்லை.”

“பிழைக்க வந்தீங்களா?”

“இல்லை.”

“பின்னே எதுக்குத்தான் வந்தீங்க?”

“சும்மா,” என்றது குஞ்சரி.

முடிச்சவிழான் திகைத்தான். ஊரே எரிந்து கிடக்கும்போது சும்மா கிளம்புகிற ஆள் இருக்கும் என்று அவன் கணக்கில் சேர்க்கவில்லை. மந்திரத்தில் ஓட்டை. உடனே இன்னொரு வரி சேர்க்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டான். “சும்மா வந்தாலும்...”

வடிவு பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

“ஐயா, ஒரு சுத்து சுத்திட்டு மிச்சத்தைச் சொல்லுங்களேன்,” என்றான் கொம்பையா, குடையை விரித்துக்கொண்டே. “ஒரு வருஷமா ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கீங்க. முதுகு என்னத்துக்கு ஆகும்?”

முதுகு வலிக்கத்தான் செய்தது. முடிச்சவிழான் குதிரைகளைப் பார்த்தான். சிவப்புக் குதிரை, நீலக் குதிரை, காதில்லாத குதிரை. பாறையிலிருந்து மெல்ல இறங்கிச் சிவப்புக் குதிரையில் ஏறினான்.

“ரெண்டு கையாலயும் கழுத்தைப் பிடிங்க. இல்லாட்டி தள்ள மாட்டேன். விழுந்தா யாரு பதில் சொல்றது?”

மந்திரவாதி பாதைகளை அக்குளில் இடுக்கிப் பார்த்தான், கிச்சுகிச்சு மூட்டியது. பல்லால் கடித்துப் பார்த்தான், வாயெல்லாம் புழுதி. கால்விரலில் மாட்டிப் பார்த்தான். செருப்பு கழன்று விழுந்தது.

“ஒரே ஒரு சுத்து,” என்று சொல்லிவிட்டுக் கையை விட்டான்.

சர்ர்ரென்று ஏழு பாதைகளும் ஏழு திசைக்கும் ஓடின. முறுக்கு விட்டது, நெளிவு விட்டது, நேராய் விழுந்தன. முடிச்சவிழான் கவனிக்கவே இல்லை. தாடி பின்னால் பறக்க அவன் ஒரு சுற்று சுற்றினான், இரண்டு சுற்று சுற்றினான், மூன்றாவது சுற்றில்தான் கையைப் பார்த்தான்.

“போச்சா?” என்றான்.

“போச்சு,” என்றாள் வடிவு.

“சரி, போகட்டும். இன்னொரு சுத்து.” பிறகு கொம்பையாவைப் பார்த்து, “நீ வெளியூர்க்காரனாச்சே. உன்னை எங்கே திருப்பி விட்டுச்சு?”

“இவங்க வாசலுக்குத்தான். உங்க மந்திரம் தப்பிப்போச்சு.”

“என் மந்திரம் தப்பாது. அவரவர் வாசலுக்குத்தான் விடும்.”

கொம்பையா தள்ளுவதை நிறுத்திவிட்டான். வடிவு பிள்ளையின் மூக்கைத் துடைத்தாள். மூக்கு ஒழுகவே இல்லை.

அப்போது திறந்த பாதையில் முதல் ஆள் வந்தான், உப்பு வண்டிக்காரன். “என்னங்க உங்க நாடு இது? போர் முடிஞ்சு எட்டு மாசமாச்சு. அவங்க ராஜா படையைக் கலைச்சு உழவுக்கு அனுப்பிட்டார். சேதி சொல்ல வந்தவனையெல்லாம் பாதை திருப்பி விட்டுருச்சே.” சேதி அரண்மனைக்குப் போய், அஞ்சாநெஞ்சன் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். வெயிலில் கண் கூசியதாம். முடிச்சவிழான் ராட்டினத்திலிருந்து இறங்கியதும், திருப்பிவிட்டவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்க ஊர் ஊராய் நடந்தே போனான்.

நம் மூவரும் இரண்டு நாள் போய்க் கடலைப் பார்த்தார்கள். குஞ்சரி ஈர மணலில் இறங்கிக் காற்றை ஒரு வாய் விழுங்கியது. கொல், கொல், கொல் என்று மூன்றே இருமல். வாயிலிருந்து கடுகு அளவு ஒரு கறுப்பு விழுந்தது. அலை வந்து அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பிள்ளை இழுத்த மூச்சு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு சின்ன உடம்பில் இவ்வளவு காற்றுக்கு இடமா என்று வடிவு கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நின்றாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பயம் வருகிறதா என்று காத்திருந்தாள். வரவில்லை.

மூன்றாம் நாள் கொம்பையா வண்டியைக் கட்டினான். மாட்டைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான், “வீட்டுக்குத் திருப்பட்டுங்களா?”

வடிவு பிள்ளையைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தாள். தானும் ஏறினாள். இந்தத் தடவை பின்னால் இல்லை, அவன் பக்கத்தில்.

“திருப்ப வேண்டாம்,” என்றாள். “நேரா போங்க.”

அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கிறீர்களா? இன்றைக்கு எந்த ஊரில் திருவிழாவோ, அந்த ஊரில். சுகமாக இருக்கிறார்கள். நீங்களும் சுகமாகக் கண்ணை மூடுங்கள்.